எச்டிஆர் மங்கலாகத் தெரிந்தால்: ஆல்வேஸ் எச்டிஆரா, மேட்ச் கன்டென்டா, பேசாமல் எஸ்டிஆரா?

இணையத்திலிருந்து படம் ஓட்டும் புது 4கே பாக்ஸை டிவியில் மாட்டிய முதல் ராத்திரியே வீட்டில் எல்லோரும் கேட்டது, பழைய பாக்ஸில் படம் பளிச்சென்று இருந்ததே, இதில் ஏன் இப்படி இருட்டிக் கிடக்கிறது என்றுதான். டிவி மூலையில் எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் நிறமும் கூடுதல் வீச்சில் வரும் பட முறை) என்று எழுத்து வந்து போகிறது, ஆனால் முகங்களில் உயிரே இல்லை, இரவுக் காட்சியில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. அதற்கப்புறம் பல நாள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்ததில், எதை வைக்கலாம் எதை வைக்கக்கூடாது என்று எனக்கு ஒரு தெளிவு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். படம் இருட்டாக இருக்கிறதா, இல்லை வெளிறிப்போய் இருக்கிறதா? இரண்டையும் நாம் மங்கல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் காரணம் வேறு வேறு. கறுப்பு சாம்பலாகத் தெரிந்து, நிறமெல்லாம் துவைத்துப் போட்ட துணி மாதிரி இருந்தால், பாக்ஸும் டிவியும் ஒன்றை ஒன்று சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். பாக்ஸ் எச்டிஆர் அனுப்புகிறது, டிவி எச்டிஆர் மோடுக்கு மாறாமலேயே அதைக் காட்டுகிறது. நடுவில் பழைய சவுண்ட்பாரோ ஸ்ப்ளிட்டரோ இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு பாக்ஸை நேரடியாக டிவியில் மாட்டிப் பாருங்கள். அடுத்து பிளாக் லெவல், அதாவது கறுப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது என்ற செட்டிங். பாக்ஸ் 16 முதல் 235 வரை உள்ள அளவில் அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கறுப்பு கறுப்பாக வராது. இரண்டையும் ஆட்டோவில் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இருட்டாக இருந்தால் விஷயம் வேறு. எஸ்டிஆர் என்பது எச்டிஆர் இல்லாத சாதாரணப் படம், அதை 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்தை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஆனால் 300 நிட்ஸ் தரக்கூடிய டிவி அதை அப்படியே மூன்று மடங்காக ஏற்றிக் காட்டிவிடும், நமக்கும் பளிச்சென்று இருக்கும். எச்டிஆரின் அடிப்படை வகையான எச்டிஆர்10 அப்படி இல்லை, அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் இத்தனை நிட்ஸ் என்று கணக்கு நிலையாக இருக்கிறது. படத்தை இருட்டறையில் உட்கார்ந்து, 1000 அல்லது 4000 நிட்ஸ் உச்சத்துக்குத் தயாரித்திருப்பார்கள். நம் 300 நிட்ஸ் டிவி அதைத் தன் அளவுக்குள் அமுக்கியாக வேண்டும், திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டோ ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது, இதற்கு மேல் ஏற்ற இடமில்லை. பகலில் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் எச்டிஆர் தோற்பதும் எஸ்டிஆர் ஜெயிப்பதும் இதனால்தான். டிவி கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள்.

இப்போது பாக்ஸ் செட்டிங்குக்கு வருவோம். ஆல்வேஸ் எச்டிஆர் என்று வைத்தால் ஹோம் ஸ்கிரீன், செய்தி, பழைய பாட்டு என்று எல்லாமே எச்டிஆர் உறைக்குள் போட்டுத்தான் டிவிக்கு வரும். எஸ்டிஆர் படத்துக்கு எத்தனை நிட்ஸ் என்பதை உங்களுக்குப் பதிலாக பாக்ஸே முடிவு செய்யும், டிவியில் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த எஸ்டிஆர் செட்டிங் எதுவும் வேலைக்கு வராது. இதில் இருக்கும் ஒரே வசதி, ஒரு வீடியோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை கறுத்து மீளாது. அவ்வளவுதான். அதற்காக எல்லாப் படத்தையும் மங்கலாகப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

மேட்ச் கன்டென்ட் அப்படி இல்லை, வருவதை வந்தபடி அனுப்பும். எஸ்டிஆர் எஸ்டிஆராக, எச்டிஆர் எச்டிஆராக. ஆப்பிள் டிவி 4கே 2017 செப்டம்பரில் வந்தபோது இந்த வசதி இல்லை, அந்த டிசம்பரில் வந்த டிவிஓஎஸ் 11.2 அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். அதில் ஃபார்மட்டை 4கே எஸ்டிஆரில் வைத்துவிட்டு, மேட்ச் டைனமிக் ரேஞ்சை ஆன் செய்ய வேண்டும். ஃபயர் டிவியில் டைனமிக் ரேஞ்ச் செட்டிங்கில் அடாப்டிவ் என்று இருப்பது இதுதான். மாறும்போது திரை ஓரிரு நொடி கறுக்கும், பழகிவிடும். என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் மங்கல் பிரச்சினை பாதி இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த போட்டி எச்டிஆர்10க்கும், எச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷனுக்கும். எச்டிஆர்10ல் வெளிச்சத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று டிவிக்கு முழுப் படத்துக்கும் ஒரே குறிப்புதான் வரும், டால்பி விஷனில் காட்சிக்குக் காட்சி குறிப்பு மாறும். வெளிச்சம் குறைந்த பேனலில்தான் இந்த வித்தியாசம் அதிகமாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் டிவியில் டால்பி விஷன் இருந்தால் அதையே எடுங்கள். பகலில் டால்பி விஷன் பிரைட், விளக்கை அணைத்த அறையில் டார்க். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, அங்கே காட்சிக்குக் காட்சி மாறும் வேலையைச் செய்வது எச்டிஆர்10 பிளஸ். வெறும் எச்டிஆர்10 மட்டும்தான் வருகிறது என்றால், படத்தின் வெளிச்சத்தை டிவி தன் அளவுக்குள் பொருத்தும் டோன் மேப்பிங்கை மாற்றிப் பாருங்கள்: எல்ஜியில் டைனமிக் டோன் மேப்பிங்கை ஆன் செய்யுங்கள், சோனியில் எச்டிஆர் டோன் மேப்பிங்கை பிரைட்னஸ் பிரிஃபர்டுக்கு மாற்றுங்கள். இயக்குநர் நினைத்தபடி அச்சு அசலாக இருக்காதுதான், ஆனால் இருட்டில் ஒன்றுமே தெரியாமல் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் மாற்றும்போது மறக்கக்கூடாத ஒன்று: எச்டிஆர் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள். எஸ்டிஆர், எச்டிஆர், டால்பி விஷன் மூன்றுக்கும் டிவி தனித்தனியாக செட்டிங் வைத்திருக்கும், பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனி. ஹோம் ஸ்கிரீனில் நின்றுகொண்டு மாற்றினால் படத்தில் ஒன்றும் நடக்காது. அங்கேயே எனர்ஜி சேவிங்கையும் லைட் சென்சாரையும் அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் வந்தது அந்த எனர்ஜி சேவிங்கை அணைத்தபோதுதான்.

பாக்ஸா, டிவியில் உள்ள ஆப்பா? தவறு எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை. ஒரே படத்தின் ஒரே காட்சியை இரண்டிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் இருட்டு என்றால் டிவி செட்டிங்கோ பேனலோ காரணம், ஆப்பில் நன்றாக இருந்து பாக்ஸில் மட்டும் மோசம் என்றால் பாக்ஸ், போர்ட், கேபிள். போர்ட்டில் முழு வேகம் ஆன் ஆகியிருக்க வேண்டும்: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். கேபிள் 18 ஜிபிபிஎஸ் தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீட் வகையாக இருந்தால் போதும். ஆனால் கேபிள் படத்தை இருட்டாக்காது, மோசமான கேபிளில் படம் விட்டுவிட்டு வரும், புள்ளி புள்ளியாக மின்னும். அதனால் மங்கலுக்காக விலை உயர்ந்த கேபிள் வாங்காதீர்கள்.

சரி, எல்லாம் செய்தும் இருட்டாகத்தான் இருக்கிறதா? பாக்ஸில் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். லோக்கல் டிம்மிங் (பேக்லைட்டைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத, 250, 300 நிட்ஸ் பேனலுக்கு வெளிச்சமான அறையில் எஸ்டிஆர்தான் சரியான தேர்வு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 4கே தெளிவு வேறு, எச்டிஆர் வேறு, இது போனால் அதுவும் போக வேண்டியதில்லை.

எங்கள் ஹாலில் இப்போது மேட்ச் கன்டென்ட், டால்பி விஷன் பிரைட், ராத்திரி விளக்கை அணைத்தபின் டார்க். படுக்கையறையில் இருக்கும் சின்ன டிவியில் எஸ்டிஆர்தான், அதை மாற்றும் எண்ணம் இல்லை.