ஏஆர்-3ஏ கிராஸ்ஓவர்: எலெக்ட்ரோலிட்டிக்கா, ஃபிலிமா?

அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி 1967இல் கொண்டுவந்த ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் பெட்டியில் மேல்ஸ்தாயி மங்கிவிட்டால், பலரும் உடனே வேறு ட்வீட்டர் (மேல்ஸ்தாயியை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர்) தேடக் கிளம்புகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உள்ளே கிராஸ்ஓவரில், அதாவது ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்றில், இருக்கும் கண்டென்சர்களை (கெபாசிட்டர்): ட்வீட்டருக்கு 6 மைக்ரோஃபாரட், நடு ஸ்தாயிக்கான மிட்ரேஞ்சுக்கு 50, கீழ்ஸ்தாயிக்கான வூஃபருக்கு 150. அதற்கும் முன்னால் பின்பக்கத்து லெவல் கன்ட்ரோல்கள் இரண்டையும் திருப்பிப் பாருங்கள். கரகரத்தாலோ, ட்வீட்டர் விட்டுவிட்டு ஒலித்தாலோ அங்கே களிம்பு ஏறியிருக்கிறது. கண்டென்சர் மேல் பழி போட வேண்டாம். சுத்தம் செய்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். கன்ட்ரோலை எடுத்துவிட்டு எல்-பேட் (ஒலியளவைக் குறைத்தாலும் சுமையை ஏறக்குறைய மாற்றாத கன்ட்ரோல்) போடுவது எளிதுதான். ஆனால் பழையது சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் வகை, கிராஸ்ஓவர் காணும் சுமை இரண்டிலும் ஒன்றல்ல.

கண்டென்சரை அளக்க ஒரு காலையாவது கழற்றியாக வேண்டும். சாதா மல்டிமீட்டர் மைக்ரோஃபாரட்டை மட்டும் காட்டும். 6 என்று எழுதியது 6.3 காட்டினால் நல்லது என்று விட்டுவிடாதீர்கள், ஈஎஸ்ஆர், அதாவது கண்டென்சருக்குள்ளேயே தொடராக இருக்கும் சிறு தடை, ஏறியிருக்கலாம். 4 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 1 ஓம் சேர்ந்தால் ஏறக்குறைய 2 டெசிபல் குறையும். மங்கல் என்று காது சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஈஎஸ்ஆர் காட்டும் எல்சிஆர் மீட்டர் இருந்தால் 6-ஐ 1 கிலோஹெர்ட்ஸிலும், பெரியவற்றை 100 அல்லது 120 ஹெர்ட்ஸிலும் அளந்து எழுதி வையுங்கள்.

மாற்றுவதென்றால் மூன்று வழி.

நான்-போலார் (பிளஸ்-மைனஸ் இல்லாத) எலெக்ட்ரோலிட்டிக் மலிவு, சிறியது. பழையதன் சுபாவத்துக்கு மிக அருகில் இருக்கும். 100 வோல்ட் எடுங்கள். டாலரன்ஸ், அதாவது எழுதிய மதிப்பிலிருந்து விலகல், பெரும்பாலும் 10 சதவீதம், ஆகவே நான்கைந்து வாங்கி அளந்து, இரண்டு பெட்டிக்கும் ஜோடி சேருங்கள். குறை, இதுவும் ஒரு நாள் காயும். கடையில் பொதுவாக எடுத்துத் தருவது பிளஸ்-மைனஸ் உள்ள சாதா எலெக்ட்ரோலிட்டிக். அதைத் தனியாகப் போட்டால் சூடேறிக் கெடும். வேறு வழியில்லாவிட்டால் ஒரே மதிப்புள்ள இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராகப் போடலாம். மதிப்பு பாதியாகும், 150க்கு இரண்டு 300 வேண்டும்.

பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் காயாது, டாலரன்ஸ் 5 சதவீதம், ஈஎஸ்ஆர் இல்லையென்றே சொல்லலாம். சிக்கலும் அந்தக் கடைசி குணத்தில்தான். புதிதாக வந்தபோதே எலெக்ட்ரோலிட்டிக்கின் சிறு தடையோடு சேர்ந்துதான் அந்தப் பெட்டி ஒலித்தது. அதை ஒரேயடியாக நீக்கினால் ட்வீட்டர் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். "ஆஹா, எவ்வளவு தெளிவு!" என்று முதல் வாரம் தோன்றும், பிறகு காது வலிக்கும். கண்டென்சரோடு தொடராக 0.25 முதல் 0.5 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் இது தீரும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஃபிலிம் வாங்கும் பலர் இந்தச் சில ரூபாய் ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள்.

மைலார், அதாவது பாலியெஸ்டர் ஃபிலிம், இரண்டுக்கும் நடுவே. விலையில் பாலிப்ராப்பிலீனைவிடக் குறைவு, இதுவும் காயாது. 50 மைக்ரோஃபாரட்டுக்கு எங்கள் கை போவது இதற்குத்தான்: 47-உம் 3.3-உம் பக்கவாட்டில் (இணையாக) சேர்த்தால் 50.3.

150-க்கு ஃபிலிம் வீண் செலவு. தம்ளர் அளவுக்குப் பெரிதாக இருக்கும், விலையும் பல மடங்கு. இந்தக் கண்டென்சர் வூஃபருக்குக் குறுக்கே நின்று மேலதிர்வுகளை வூஃபருக்குள் போகவிடாமல் திருப்பிவிடுகிறது. 575 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பே (ரியாக்டன்ஸ்) 1.8 ஓம், புது எலெக்ட்ரோலிட்டிக்கின் ஈஎஸ்ஆர் அதன் முன் பெரிய விஷயமில்லை. 100-உம் 47-உம் சேர்த்த 147 போதும். பழையதில் ஈஎஸ்ஆர் 1 ஓமைத் தாண்டியிருந்தால் மட்டும் விட்டுவைக்காதீர்கள். மிட்ரேஞ்சின் வேலையை வூஃபரும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்துக் குரல் தடித்துப்போகும்.

ஆக 6-க்கு பாலிப்ராப்பிலீனும் ரெசிஸ்டரும் (5.6-உடன் 0.39 சேர்த்தால் சரியாக வரும்), 50-க்கு மைலார், 150-க்கு நான்-போலார். எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த ஃபிலிம் போடுவது பழைய ஒலியை மீட்பதல்ல, வேறொரு ஸ்பீக்கர் செய்வது.

கிராஸ்ஓவர் பின்பலகையில், கண்ணாடி இழைப் பஞ்சுக்கு அடியில் இருக்கும். வூஃபரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகத்தான் கை போக வேண்டும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். எடுத்த பஞ்சு அத்தனையும் திரும்ப உள்ளே போக வேண்டும். பல பெட்டிகளில் 50-உம் 150-உம் ஒரே உறைக்குள் இருக்கும், வெட்டுவதற்கு முன் கம்பி நிறங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வூஃபர் திருகுகளைக் கழற்றும்போது இன்னொரு கையின் விரல்கள் ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பிடித்தபடி இருக்கட்டும். காந்தம் அதைச் சட்டென இழுக்கும், கோன் பேப்பரில் ஓட்டை விழும்.

வூஃபர் கையில் இருக்கும்போதே விளிம்பையும் பாருங்கள். தொடக்க கால வூஃபர்களில் துணி, அதைப் பிய்க்காதீர்கள். பிற்காலத்தவற்றில் ஃபோம், விரலால் தொட்டால் பொடியாக உதிரும். அதற்கு ஃபோமே போடுங்கள். ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் கனமும் விறைப்பும் கூடி பாஸ் மாறும்; காற்றையே ஸ்பிரிங்காக நம்பும் இந்த மூடிய பெட்டிக்கு இளகிய விளிம்புதான் பொருந்தும்.

புது கண்டென்சர்களைப் பசை வைத்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அதிரும். வூஃபர் உட்காரும் விளிம்பில் புதுப் புட்டி வையுங்கள். மூடியபின் கோனை விரல்களால் சமமாக மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று கசிகிறது. திருகுகளைக் கையாலேயே, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். மின் டிரைவர் வைத்தால் பழைய மரத்தூள் பலகையில் மறை அழிந்துவிடும்.