கொக்சினெல்: ரெய்டு நிரலில் மிகை மாறிகளைக் களையும் கருவி

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில், பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் மென்பொருள் ரெய்டைக் கவனிக்கும் எம்டி இயக்கியின் நிரல் பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்தது. இத்தகைய நிரலைச் சீரமைக்கையில், தொடக்கத்தில் சுழியம் இடப்பட்டு, இடையில் எங்கும் மாறாமல், இறுதியில் அப்படியே திருப்பி அனுப்பப்படும் 'ரெட்' போன்ற மாறிகள் தட்டுப்படும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் இவற்றைப் பற்றி எச்சரிப்பதில்லை. திருப்பி அனுப்புவதும் அதன் கணக்கில் பயன்பாடுதான். பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் வளர்க்கப்படும் கொக்சினெல் என்ற, விதிகளின்படி சி நிரலைத் தேடித் திருத்தும் இலவசக் கருவி கைகொடுப்பது இங்கேதான்.

டெபியன் லினக்ஸில் ஒரே கட்டளையில் இதை நிறுவலாம். இப்பணிக்கான விதி கெர்னல் மூலநிரலிலேயே இருக்கிறது. கொக்சினெலை இயக்கும் 'காக்கிசெக்' கட்டளையை எம்டி அடைவுக்கு மட்டும் ரிப்போர்ட் முறையில் இயக்கினால் வரி எண்களைத் தரும். பேட்ச் முறையில் இயக்கினால் திருத்தத்தையே (பேட்ச்) எழுதித் தரும். வெறும் சொல் தேடலைப் போலன்றி, மாறி அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்படும் இடம் வரை நிரல் செல்லக்கூடிய வழிகளில் அம்மாறி தொடப்படவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே இது நீக்கச் சொல்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது இவ்விதியின் தயக்கம். மாறிலி இடப்பட்ட மாறியைத் தவிர வேறெதையும் அது தொடுவதில்லை. ரெய்டு நிரலுக்கு அந்தத் தயக்கம் அவசியம். ரெய்டு 5 தொகுதியில் வட்டு சேர்க்கப்பட்டுத் தரவு மறுபகிர்வு நடக்கும்போது, வந்த கோரிக்கை பழைய அமைப்புக்கு உரியதா, புதியதற்கு உரியதா என்ற முடிவை 'ப்ரீவியஸ்' என்ற மாறி தாங்கியிருக்கிறது. கோரிக்கைக்குரிய ஸ்ட்ரைப் (வட்டுகளில் பரவிய தரவுத் துண்டுகளின் வரிசை) கிடைப்பதற்குள் மறுபகிர்வு நகர்ந்திருக்கலாம் என்பதால், அம்முடிவு இன்னும் செல்லுமா என்று மறுபடி சோதித்து, செல்லாவிட்டால் கோரிக்கையை இயக்கி மீண்டும் முயல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மிகையாகத் தோன்றக்கூடிய இம்மாறியை நீக்கி, அந்தந்த இடத்தில் புதிதாகக் கணக்கிட்டால், முன்பு எடுத்த முடிவு காலாவதியானதை அறிய வழியிருக்காது, தரவே சிதையக்கூடும். ஆகவே, சொந்தமாக விதி எழுதத் துணிவோர் இப்பகுதியைக் கருவியிடம் விடாமல் கண்ணால் படிப்பதே நல்லது.

குறைகளும் உண்டு. நீக்கப்படும் வரிக்கு அருகிலுள்ள விளக்கக் குறிப்புகளும் சேர்ந்து அழியக்கூடும்; விதியின் கண்டிப்பைத் தளர்த்தினால் கண்டுபிடிப்புகளோடு பொய்யான எச்சரிக்கைகளும் பெருகும். விதிமொழியைப் பழகுவதற்குப் பொறுமை வேண்டும். கருவி தந்த பேட்சை வரிவரியாகப் படித்து, லூப் சாதனங்களில் (கோப்புகளையே வட்டுகளாகக் காட்டுபவை) அமைத்த ரெய்டில், ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்மின் கருவியின் சோதனைகளை ஓட்டிப் பார்த்த பிறகே கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும்.