பழைய வீட்டைப் புதுப்பிப்பது: மொத்தமாகவா, அறை அறையாகவா?

கையில் முழுப் பணமும் இருந்து, சில மாதம் வேறு இடத்தில் தங்கவும் வழி இருந்தால் மொத்தமாகச் செய்வதுதான் வேகம். கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரும் வரிசையாக வந்து போவார்கள், சுவரை ஒரே தடவை உடைத்தால் போதும். சிக்கல் என்னவென்றால், பழைய வீட்டில் பூச்சைத் தட்டின பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். துருப்பிடித்த கம்பி, அரித்த குழாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்போது பட்ஜெட் எகிறும், பாதியில் நிறுத்தவும் முடியாது.

அறை அறையாகச் செய்தால் பணம் சேரச் சேர வேலை நடக்கும். குடியிருந்துகொண்டே பார்ப்பதால் எந்த மூலை மழைக்கு ஓதம் காக்கிறது என்பதும் பிடிபடும். புது சிமென்ட் பூச்சைப் பெயின்ட் அடிக்குமுன் சுமார் 28 நாள் காயவிடச் சொல்வார்கள். அவசரம் இல்லாதவருக்கு அது பாரமே இல்லை. ஆனால் கூரை ஒழுகல், வயரிங், தண்ணீர்க் குழாய் மூன்றையும் அறைக்கணக்கில் பிரிக்க முடியாது. ஹாலுக்குப் பெயின்ட் அடித்த அடுத்த வருஷமே படுக்கையறை வயருக்காக அதே சுவரில் காடி வெட்டினால் வயிறு எரியும். அப்புறம் தூசி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, குழந்தை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

என்னைக் கேட்டால், கூரை, வயரிங், குழாய் மூன்றை மட்டும் முதலில் மொத்தமாக முடித்துவிட்டு மீதியை அறை அறையாகப் பார்க்கலாம். டைல்ஸை மட்டும் ஒரே பேட்ச்சில், கொஞ்சம் கூடவே வாங்கி வைத்துவிடுங்கள், அடுத்த தடவை அதே நிறம் கிடைப்பது சந்தேகம்.