நெட்வேருக்குப் பிறகு எங்கே? நோவெல் வாடிக்கையாளர்கள் முன்னிருந்த வழிகளின் ஒப்பீடு

சர்வர்களுக்கான தன் இயங்குதளமான நெட்வேரின் கோப்புச் சேவையும் அச்சுச் சேவையும், பயனர்களின் பட்டியலைப் பேணும் அடைவுச் சேவையும் இனி நெட்வேர் கெர்னலின் (இயங்குதளத்தின் உட்கரு) மீதும் லினக்ஸ் கெர்னலின் மீதும் ஒருசேரக் கிடைக்கும் என்று நோவெல் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டியில் நடந்த தன் மாநாட்டில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது சிமியன் என்ற லினக்ஸ் மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. நவம்பரில் ஜெர்மனியின் சூசே லினக்ஸ் நிறுவனத்தை 21 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகத் தெரிவித்தபோது, ஐபிஎம் தன் பங்குக்கு 5 கோடி டாலரை நோவெலில் முதலீடு செய்ய முன்வந்தது. 1983-இல் முதல் நெட்வேரை வெளியிட்டு, அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் தொழிலில் ஒரு பத்தாண்டுக்கு மேல் முதலிடத்தில் இருந்த நிறுவனம், இருபது ஆண்டுகள் கழித்துத் தன் கெர்னலைத் தானே கைவிடத் தொடங்கியதன் அடையாளங்கள் இவை.

நிறுவனத்தின் முடிவு அலசப்பட்ட அளவுக்கு அதன் வாடிக்கையாளர்களின் நிலை அலசப்படவில்லை. பல நூறு நெட்வேர் சர்வர்களைப் பராமரித்துவந்த ஒரு பல்கலைக்கழகமோ மாநகராட்சியோ 2005 வாக்கில் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது: நெட்வேர் 6.5-லேயே தங்குவது, நோவெல் காட்டிய லினக்ஸ் பாதையில் செல்வது, விண்டோஸ் சர்வர் 2003-க்கு மாறுவது, அல்லது நோவெலை விட்டுவிட்டு லினக்ஸையும், விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் திறமூல மென்பொருளான சாம்பாவையும் கொண்டு தாமே ஓர் அமைப்பைக் கட்டிக்கொள்வது. அன்றைய விவாதங்கள் பெரும்பாலும் எந்தக் கெர்னல் வேகமானது, எது உறுதியானது என்பதிலேயே சுழன்றன. என் கணிப்பில், உண்மையான வேறுபாடு கெர்னலில் இல்லை. கோப்புகளுக்கான அணுக்க உரிமைகள் (யார் எதைப் படிக்கலாம், மாற்றலாம் என்பவை) எப்படிக் கணிக்கப்படுகின்றன என்பதிலும், பயனர் அடைவு யார் கையில் இருக்கிறது என்பதிலுமே அது இருந்தது.

முதல் வழியை விரைவில் கடந்துவிடலாம். டாஸிலிருந்து தொடங்கி, கோப்பு பரிமாறுவதை முதன்மைப் பணியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட நெட்வேர், எளிய வன்பொருளிலும் ஏராளமான பயனர்களைத் தாங்கியது. என்எல்எம் எனப்பட்ட அதன் நிரல்கள் கெர்னலின் நினைவகத்திலேயே இயங்கியதுதான் அந்த வேகத்தின் காரணம். ஒரு நிரல் பிசகினால் 'அபெண்டு' ஆகி சர்வர் முழுவதும் நின்றுபோனதற்கும் அதுவே காரணம். பிந்தைய பதிப்புகளில் பாதுகாக்கப்பட்ட நினைவகப் பகுதிகள் வந்தபோதிலும் அடிப்படை வழக்கம் மாறவில்லை. நெட்வேர் 6.5-உடன் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி ஆகியவற்றை நோவெலே சேர்த்து அனுப்பியது என்பதிலிருந்து, வெளி உலகின் நிரலாளர்கள் என்எல்எம் எழுதுவதை நிறுத்திவிட்டதை அது உணர்ந்திருந்தது என்று கொள்ளலாம். 64-பிட் நெட்வேர் கடைசிவரை வரவில்லை. பொது ஆதரவு 2010 மார்ச்சில் முடிந்தது. பார்டர்மேனஜர் என்ற இணையத் தடுப்பரண் போன்று நெட்வேரில் மட்டுமே ஓடிய மென்பொருளை நம்பியிருந்தவர்களுக்குத் தங்குவதில் பொருள் இருந்தது. மற்றவர்கள் தங்கியது முடிவைத் தள்ளிப்போட்டதே தவிர முடிவெடுத்ததாகாது.

இரண்டாவது வழிக்கு நோவெல் இட்ட பெயர் ஓப்பன் என்டர்பிரைஸ் சர்வர். 2005 மார்ச்சில் வெளிவந்த முதல் பதிப்பில் நெட்வேர் 6.5 கெர்னலும் சூசே என்டர்பிரைஸ் சர்வர் 9-உம் ஒரே பெட்டியில் இருந்தன. வாடிக்கையாளர் ஒன்றையோ இரண்டையும் கலந்தோ நிறுவிக்கொள்ளலாம். அடைவுச் சேவையான இ-டைரக்டரி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே லினக்ஸிலும் சோலாரிஸிலும் விண்டோஸிலும் ஓடத் தொடங்கியிருந்ததால், பழைய அடைவு மரத்தில் ஒரு லினக்ஸ் சர்வரைச் சேர்ப்பது கிளையைப் பெயர்த்து நடும் வேலையாக இருக்கவில்லை. கடினமானது கோப்பு முறைமை. என்எஸ்எஸ் எனப்பட்ட நோவெலின் கோப்பு முறைமையையும், பயனர் கணினி அதனோடு பேசும் என்சிபி நெறிமுறையையும் லினக்ஸுக்குக் கொண்டுவந்த பிறகே இந்த வழி வழியாயிற்று.

இங்கே சற்று நின்று அணுக்க உரிமைகளை ஒப்பிட வேண்டும். நெட்வேரில் ஒரு கோப்புறையின் மேல் ஒருவருக்குப் படிக்க, எழுத, உருவாக்க, அழிக்க என எட்டு வகை உரிமைகளை அளிக்கலாம். அந்த உரிமை கீழுள்ள கோப்புகளில் எழுதிவைக்கப்படுவதில்லை. பயனர் கோப்பைத் தொடும் கணத்தில் மேலிருந்து கீழாகக் கணிக்கப்படுகிறது. எனவே பத்து லட்சம் கோப்புகள் உள்ள கோப்புறை மரத்தின் உச்சியில் உரிமையை மாற்றினாலும் மாற்றம் உடனே நடப்புக்கு வரும். ஒரு கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினால் அது புதிய இடத்தின் உரிமைகளுக்கு உட்படும். ஆழத்தில் உள்ள ஒரு கோப்புறைக்கு மட்டும் உரிமை பெற்றவருக்கு அதுவரை செல்லும் பாதை தானாகத் தெரியும். உரிமையில்லாத பக்கத்துக் கோப்புறைகள் கண்ணில் படவே படா.

மூன்றாவது வழியான விண்டோஸின் கோப்பு முறைமை என்டிஎஃப்எஸ் இதற்கு நேர்மாறான முறையைக் கொண்டது. உச்சியில் செய்யும் மாற்றம் கீழுள்ள ஒவ்வொரு கோப்பிலும் எழுதப்படுகிறது. பெரிய மரமானால் அதற்கு நேரம் பிடிக்கும், நடுவில் தடைபட்டால் பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும். ஒரே வட்டுப் பிரிவுக்குள் நகர்த்தப்படும் கோப்பு தன் பழைய உரிமைகளைச் சுமந்துகொண்டே செல்வதால், ஊதியப் பட்டியல் ஒன்று பொதுக் கோப்புறைக்கு வந்த பிறகும் யாராலும் திறக்க முடியாமல் இருப்பதோ, அதைவிட மோசமாக இதன் மறுதலையோ நடக்கலாம். உரிமையற்றவருக்குக் கோப்புறைகளை மறைக்கும் வசதி விண்டோஸ் சர்வர் 2003-க்கு முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகே, அதாவது 2005-இல்தான் கிடைத்தது. நெட்வேரிலிருந்து மாறியவர்கள், 'பணிநீக்கம்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருப்பதையே ஊழியர் அனைவரும் பார்க்க நேரிடும் சங்கடத்தை அதுவரை சமாளிக்க வேண்டியிருந்தது. அழித்த கோப்பை மீட்பதிலும் இதே இடைவெளி உண்டு: நெட்வேர் அழிக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பையும் இடம் தேவைப்படும்வரை வைத்திருந்தது; விண்டோஸின் நிழல் நகல்களோ குறித்த நேரங்களில் மட்டும் எடுக்கப்பட்டதால், இரு நகல்களுக்கு இடையில் பிறந்து மறைந்த கோப்பு போனது போனதுதான்.

வெறும் லினக்ஸ், சாம்பா என்ற நான்காவது வழி இந்தக் கணக்கில் இன்னும் பின்தங்குகிறது. உரிமையாளர், குழு, பிறர் என்ற யுனிக்ஸ் மரபும், அதன்மேல் வந்த போசிக்ஸ் உரிமைப் பட்டியல்களும் நெட்வேரின் நுணுக்கத்தைத் தாங்க மாட்டா. கோப்பு உருவாகும்போது பெறும் உரிமையே அதன்பின் நிலைக்கிறது. 2003-இல் வந்த சாம்பா 3 பழைய விண்டோஸ் என்டி பாணி டொமைனை (ஒரே பயனர் பட்டியலின் கீழ் இயங்கும் கணினிக் கூட்டத்தை) மட்டுமே நடத்த வல்லது. மைக்ரோசாஃப்டின் புதிய அடைவுச் சேவையான ஆக்டிவ் டைரக்டரியின் டொமைனை நடத்தும் சாம்பா 4 வருவதற்கு 2012 டிசம்பர் ஆயிற்று. உரிமச் செலவே இல்லை என்ற ஒரு காரணத்துக்காகவும், எந்த விற்பனையாளருக்கும் கட்டுப்படாத விடுதலைக்காகவும் இதைத் தேர்ந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான பயனர்களின் உரிமைகளை நெட்வேரில் நேர்த்தியாக அமைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது.

கோப்புகளை மட்டும் வைத்துப் பார்த்தால், ஓப்பன் என்டர்பிரைஸ் சர்வரின் லினக்ஸ் வடிவம் எளிதில் வென்றுவிடும். பழைய உரிமைகள் அப்படியே வந்தன, மீட்பு வசதி வந்தது, புதிய வன்பொருளுக்கான டிரைவர்களும் லினக்ஸோடு வந்தன. குறைகளும் உண்டு. லினக்ஸ் வழியாகவே கோப்புகளைத் தொடும் சேவைகளுக்காகப் பயனர்களை லினக்ஸுக்கும் தனியே அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. இதை மறந்தவர்கள், அடைவில் இருக்கும் பயனரை சர்வர் ஏன் அறியவில்லை என்று திகைத்தார்கள். நெட்வேர் கன்சோலில் பழகிய கைகளுக்கு லினக்ஸ் ஷெல் புதியது. காப்பு நகல், வைரஸ் தடுப்பு என வெளியார் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டா, அது என்எஸ்எஸ் உரிமைகளை அறியுமா என்று தனித்தனியே விசாரிக்க வேண்டியிருந்தது.

அடைவின் பக்கம் திரும்பினால் படம் மாறுகிறது. நுட்பத்தில் இ-டைரக்டரியே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு துறையின் கிளைக்கே உரிமை வழங்கலாம். அந்தக் கிளையில் உள்ள அனைவரும் அதைப் பெறுவர். ஆக்டிவ் டைரக்டரியில் கிளைக்கு உரிமை வழங்க முடியாது; அதற்கென்று தனிக் குழு ஒன்றை உருவாக்கி, ஆட்கள் துறை மாறும்போதெல்லாம் அதைப் பேண வேண்டும். நோவெலின் அடைவு 1993-இல் நெட்வேர் 4-உடன் வந்தது. ஆக்டிவ் டைரக்டரி 2000-இல் வந்தது. ஏழு ஆண்டு முன்னிலை சிறிய விஷயமன்று. ஆனால் எக்ஸ்சேஞ்ச் 2000 முதல் மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வருக்கு ஆக்டிவ் டைரக்டரி கட்டாயமாயிற்று. மேலாளர்கள் அவுட்லுக்கையும் எக்ஸ்சேஞ்சையும் கேட்ட இடங்களில் ஆக்டிவ் டைரக்டரி எப்படியும் உள்ளே வந்துவிட்டது. பிறகு இரண்டு அடைவுகளை ஏன் பேண வேண்டும் என்ற கேள்வியை நிதித் துறை கேட்டது. நோவெலின் முறையில் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் நோவெல் கிளையண்டைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் சர்வரோடு பேச எதையும் நிறுவ வேண்டியதில்லை.

நோவெல் செய்த பெரும் பிழை இங்கேதான் என்று நினைக்கிறேன். லினக்ஸுக்கு மாறியது பிழையன்று. மாறியே தீர வேண்டிய காலத்தில், ஒருவேளை நான்கைந்து ஆண்டு தாமதமாக, அது மாறியது. ஆனால் 'நெட்வேருக்கு எதிர்காலம் இல்லை' என்ற செய்தி முதலிலும், 'லினக்ஸில் எல்லாம் தயார்' என்ற செய்தி ஈராண்டு கழித்தும் வாடிக்கையாளரைச் சென்றடைந்தன. எப்படியும் பெயர்ந்தாக வேண்டும் என்று கேள்விப்பட்டவர், பெயர்வதென்றால் விண்டோஸுக்கே பெயர்ந்துவிடலாமே என்று அந்த ஈராண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

யுனிக்ஸ் உலகம் நோவெலுக்குப் புதிதன்று என்பது இதில் கசப்பான செய்தி. ஏடி அண்ட் டியின் யுனிக்ஸ் பிரிவை அது 1993-இல் வாங்கி 1995-இல் விற்றிருந்தது. அதன் முன்னாள் தலைவர் ரே நூர்டாவின் பணத்தில், நோவெலிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய கால்டெரா என்ற லினக்ஸ் நிறுவனமே பின்னாளில் எஸ்சிஓ குழுமம் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, யுனிக்ஸ் பதிப்புரிமை தனதே என்று 2004 ஜனவரியில் நோவெல் மீது வழக்குத் தொடுத்தது. அந்த உரிமை நோவெலிடமே உள்ளது என்று 2010-இல் நடுவர் குழு தீர்ப்பளிக்கும்வரை வழக்கு இழுபட்டது.

திறமூலம் என்ற சொல்லை நம்பி நோவெலின் லினக்ஸ் வழிக்கு வந்தவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டியிருந்தது. சூசேயின் யாஸ்ட் என்ற நிர்வாகக் கருவியை நோவெல் 2004-இல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டது. இ-டைரக்டரியை அப்படி வெளியிடவில்லை. அடித்தளம் திறந்தது, மேல்மாடி மூடியது. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டோடு நோவெல் செய்துகொண்ட ஒப்பந்தம் கட்டற்ற மென்பொருள் உலகின் நம்பிக்கையையும் குலைத்தது. சூசே சந்தாச் சான்றிதழ்களுக்கு 24 கோடி டாலரும் காப்புரிமை உடன்பாட்டுக்கு 10.8 கோடி டாலரும் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தன. சாம்பாவின் முன்னணி நிரலாளரான ஜெரமி ஆலிசன் இதை எதிர்த்து நோவெல் வேலையைத் துறந்தார்.

2007 அக்டோபரில் வந்த ஓப்பன் என்டர்பிரைஸ் சர்வரின் இரண்டாம் பதிப்பு, நெட்வேரை லினக்ஸின் மேல் ஓடும் ஸென் மெய்நிகர் இயந்திரத்தில் விருந்தாளியாக ஓட்ட வழிசெய்தது. பழைய என்எல்எம்களைக் கைவிட முடியாதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லியிருக்கக்கூடிய வழி அது. 2008 இறுதியில் வந்த திருத்தம் மேலும் ஒரு படி இறங்கி, லினக்ஸ் சர்வரே விண்டோஸ் டொமைன் போல நடந்துகொள்ளும்படி செய்தது. நோவெல் கிளையண்டு இல்லாத கணினிகளும் அதில் சேரலாம். 2011-இல் நோவெலை அட்டாச்மேட் 220 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு, 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆக்டிவ் டைரக்டரியின் பயனர்களுக்கே என்எஸ்எஸ் கோப்பு உரிமைகளை நேரடியாக வழங்கும் வசதியைக் கொண்டுவந்தது. விண்டோஸ் அடைவும் நெட்வேர் வழிவந்த கோப்பு உரிமைகளும் என்ற இந்தச் சேர்க்கையே, 2005-இல் கிடைத்திருந்தால், பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொருந்தியிருக்கும்.