மேலே கெட்டிப் பூச்சு, அடியில் எண்ணெய்ப் பூச்சு: ஜீப்புக்கு எது சரி?

காடு, மலை, கரடு என்று அலையும் ஜீப்புக்குப் பாதுகாப்புப் பூச்சு அடிக்கப் போனால் நான்கு வகைச் சரக்குகள் கண்ணில் படும். எதைக் கேட்டாலும் "துருவே பிடிக்காது" என்பார்கள். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. வண்டிக்கு மேலே ஒரு பகை, அடியில் வேறொரு பகை. உண்ணிச்செடிப் புதரும் சீமைக்கருவேல முள்ளும் மேல்தகட்டைக் கீறும். சேறும் கடற்கரை உப்புக்காற்றும் அடிச்சட்டத்தை அரிக்கும். இரண்டையும் ஒரே டப்பாவால் சமாளிக்க நினைப்பதில்தான் பணம் வீணாகிறது.

மேல்தகட்டுக்கு இன்று பலரும் கேட்பது ராப்டர் போன்ற, இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு. யூ-பால் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சரக்கு; அந்த நிறுவனத்தை 2021-ல் ஆக்சல்டா வாங்கிவிட்டது. 750 மி.லி. பூச்சு இருக்கும் பாட்டிலில் அதை இறுகவைக்கும் ஹார்டனரை 250 மி.லி. ஊற்றிக் குலுக்கி, பாட்டில் வாயிலேயே ஸ்ப்ரே கன்னைத் திருகி அடிக்கலாம். சாதாரணக் கம்ப்ரசர் போதும் என்பதால் எந்த டிங்கரிங் பட்டறையிலும் இந்த வேலை நடக்கும். சொரசொரப்பு எவ்வளவு என்பதும் பெயிண்டர் கையில்தான் இருக்கிறது. காற்றழுத்தத்தைக் கூட்டி, ஒன்றரை அடி தள்ளி நின்று அடித்தால் பொடி மணலாக விழும். அழுத்தத்தைக் குறைத்து நெருங்கினால் பொரிப் பொரியாக நிற்கும். சேறு கழுவ வேண்டிய வண்டிக்குப் பொடி மணல்தான் நல்லது. பொரிக்குள் புகுந்த செம்மண்ணை எடுக்கப் பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும்.

இதன் ஆயுளை முடிவு செய்வது பாட்டில் அல்ல, உப்புத்தாள். பழைய பெயிண்டின் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்க்க வேண்டும். அகலமான தகட்டை எல்லோரும் நன்றாகத்தான் தேய்க்கிறார்கள். கதவுக் கீலின் இடுக்கு, போல்ட் தலையைச் சுற்றிய வளையம், மட்கார்டின் உள்மடிப்பு ஆகியவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். உரியத் தொடங்குவதும் அங்கேதான். வெற்றுத் தகடு தெரியும் இடத்தில் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்காமல் நேரடியாகப் பூச்சு ஏற்றும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடலாம். இன்னொன்று: ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அந்தப் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது அடிப்பவரின் நுரையீரலோடு விளையாடுவது.

ராப்டரின் போட்டியாளர், சூடாக்கி அடிக்கும் பாலியூரியா என்ற இன்னொரு பிளாஸ்டிக் வகைப் பூச்சு. அமெரிக்காவில் ரைனோ லைனிங்ஸ் 1988-லும் லைன்-எக்ஸ் 1993-லும் தொடங்கின. பிக்கப் வண்டிகளின் சுமைத்தொட்டிதான் இரண்டுக்கும் பிறந்த வீடு. இரண்டு திரவங்களும் சூடான குழாய்களில் தனித்தனியாக வந்து, கன்னின் முனையில் மிகுந்த அழுத்தத்தில் கலக்கின்றன. தகட்டில் பட்ட சில விநாடிகளில் இறுகிவிடும். கம்பெனி பெயிண்ட் மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நிற்கும். பலத்தில் ராப்டர் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் அதற்கென்று தனி இயந்திரமும் பழகிய கையும் வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். பாலியூரியாவில் அரோமேட்டிக் என்ற வகையை வெயில் படும் இடத்தில் அடித்தால் கருப்பு வெளுத்துச் சாம்பலாகும். மேலே வெயில் தாங்கும் பூச்சு ஒன்றும் வேண்டும். கல்லும் கம்பியும் ஏற்றும் பொலேரோ பிக்கப் என்றால் யோசிக்காமல் இதற்கே போகலாம். வார இறுதியில் மட்டும் மலையேறும் மஹிந்திரா தார் ஜீப்புக்கு இது அளவுக்கு மீறியது.

இனி அடிப்பக்கம். புது வண்டி எடுக்கும்போதே தலையில் கட்டப்படும் கருப்பு அண்டர்பாடி கோட்டிங் பெரும்பாலும் பிட்டுமன் (சாலை போடும் கீல்) அல்லது ரப்பர் கலந்தது. விலை குறைவு. சக்கர வளைவுக்குள் அடித்தால் கல் தெறிக்கும் சத்தம் குறைவது உண்மை. அடிச்சட்டத்துக்கு மட்டும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சில கோடைகளில் காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள் நுழைந்த ஈரம் வெளியே வர வழியிருக்காது. மேலே வழவழவென்று கருப்பாக இருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால், தோலோடு பழுப்புச் செதிலும் சேர்ந்து பெயர்ந்து வரும். அதைவிட ஆபத்து வேறு. கொழுக்குமலைப் பாறைகளில் ஏறி இறங்கும் ஜீப்புகளில் ஸ்ப்ரிங் பட்டையைச் சட்டத்தில் மாட்டும் இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் விழலாம். தடித்த பூச்சுக்கு அடியில் அந்த விரிசல் எந்த மெக்கானிக்கின் கண்ணுக்கும் தெரியாது.

அடிச்சட்டத்துக்கு என் ஓட்டு மெழுகு அல்லது லனோலின் வகைக்குத்தான். லனோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. முழுக்கக் காயாது, ஊர்ந்து போய் வெல்டு இடுக்குகளை நனைத்துக்கொள்ளும். கீறல் பட்டாலும் தானே மூடிக்கொள்ளும். நீளக் குழாயை ஓட்டைகளுக்குள் விட்டுச் சட்டத்தின் உட்புறத்துக்கும் அடிக்கலாம்; துரு உள்ளிருந்து தொடங்கும் வண்டிகளுக்கு இதுதான் மருந்து. அசிங்கமாக இருக்கும், தூசி அப்பும், வாட்டர் சர்வீஸ் பீய்ச்சலில் கொஞ்சம் கரையும். ஆண்டுதோறும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு மறுபடி அடிக்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் வடிகால் ஓட்டைகளை அடைக்கக் கூடாது. பிரேக் ஹோஸ், சைலன்சர், சென்சார்கள் மேல் படவும் கூடாது.

ஆகவே 2020-க்குப் பின் வந்த புதுத் தார் என்றால் கதவுக்குக் கீழ்ப்பகுதி, மட்கார்டு, உள்தரை ஆகியவற்றுக்கு ராப்டர், அடிக்கு லனோலின். மஹிந்திராவின் பழைய எம்.எம். 540 ஜீப் என்றால் முதலில் துரு தின்ற தகட்டை வெட்டி வெல்டு வைத்துவிட்டுத்தான் பூச்சைப் பற்றிப் பேச வேண்டும். பூச்சு அடித்தபின் வெல்டு வைத்தால் அது எரிந்து நச்சுப்புகை கிளம்பும்.

வண்டி முழுக்க அடித்துக்கொள்ளும் மோகம் எனக்குப் பிடிபடவில்லை. நாளை ஒரு கதவு நசுங்கினால், ஒட்டுப் போட்ட இடத்தின் சொரசொரப்பு பழையதோடு சேராது. பிடிக்கவில்லை என்று உரித்தெடுப்பதும் சுலபமல்ல. நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். ராப்டரில் விரும்பிய நிறத்தைக் கலக்கும் வகையும் இருப்பதால் ஆலிவ் பச்சை கேட்டு வருபவர்கள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது.