மீனம்பாக்கத்தில் பசித்தால்: தோசையா, பர்கரா, கட்டுச்சோறா?

வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் பயணிகள் விமானம் வந்து இறங்கும்வரை வேலூர்க்காரர்களுக்குச் சென்னை மீனம்பாக்கம்தான் கதி. சுமார் 130 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டி, பெட்டியை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனை முடிந்து மூச்சு விடும்போது கையில் மிஞ்சுவது அரை மணி நேரம். விமானத்தில் ஏறும் வாயிலோ புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பே மூடப்படும்.

நம் கால்கள் முதலில் போவது தோசைக் கடைக்குத்தான். போகாதீர்கள் என்பேன். ஒவ்வொரு தோசையையும் கல்லில் வார்த்தாக வேண்டும். வரிசையில் எட்டுப் பேர் நின்றால் எட்டுப் பேருக்கும் காத்திருக்க வேண்டும். கைக்கு வருவதோ மூடிய அட்டைப் பெட்டிக்குள் தன் ஆவியிலேயே வேர்த்துத் துவண்ட ஒன்று. ஓரத்து முறுகல் போய்விட்டது, சட்னி குளிர்பெட்டியிலிருந்து நேரே வந்திருக்கிறது. காட்பாடியில் காலை உணவுக்கு ஆகும் தொகையை நினைத்துக்கொண்டே விழுங்க வேண்டியதுதான். இட்லி பரவாயில்லை, ஏற்கெனவே வெந்திருக்கும்.

பர்கருக்கு நான் ரசிகன் இல்லை. ஆனாலும் அவசரத்துக்கு அதுதான் மேல். எல்லாம் தயாராக இருக்கும், அடுக்கிக் கொடுப்பதுதான் வேலை. ஒரு கையில் பெட்டியை இழுத்துக்கொண்டு மறு கையால் சாப்பிடலாம். அதன் ருசிக்கு நம் வீட்டில் அளவுகோல் கிடையாது என்பதால் ஏமாற்றமும் குறைவு. கூடவே தலையில் கட்டும் குளிர்பானத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. வயிற்றுக் காற்று அங்கே விரியும். சோடா குடித்தவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க நேரும்.

மலிவு என்றால் விமான நிலைய ஆணையத்தின் உடான் யாத்ரி கஃபே. 2025 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியபோது தேநீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20. பசி அடங்காது, தலைவலி அடங்கும்.

என் ஓட்டு கட்டுச்சோற்றுக்கே. முந்தின இரவே இட்லியின் இருபுறமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் மடித்துவிட்டால், காலையில் பொடி ஊறி இட்லி ஓரம் சிவந்திருக்கும். சூடு தேவையில்லை, சட்னி தேவையில்லை. விமானத்தின் வறண்ட காற்றில் நாக்குக்கு உப்பு மந்தமாகத் தெரியும். பொடியின் காரம் அதைச் சரிக்கட்டுகிறது. எலுமிச்சைச் சாதமும் தாங்கும். வெளிநாடு போகிறவர்கள் தயிர்சாதத்தைத் தவிர்ப்பது நல்லது: கைப்பையில் குழைவானவற்றுக்கு 100 மில்லி வரம்பு உண்டு, தயிர்சாதம் குழைவா கெட்டியா என்று சோதனை மேடையில் வாதாட நேரமிருக்காது.

பிரியாணி? ஆம்பூர் நமக்கு மேற்கே, சென்னை கிழக்கே. அதற்காக ஐம்பது கிலோமீட்டர் எதிர்த்திசையில் யாரும் போகமாட்டார்கள். பெங்களூரிலிருந்து பறப்பவர்களுக்குத்தான் அந்த யோகம். வழியிலேயே இறங்கி, சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்க் குழம்புமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். பொட்டலம் கட்டி விமானத்துக்குள் பிரிக்க வேண்டாம். பெங்களூர் நகரத்தைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் எப்படியும் செரித்துவிடும்.