கடா மட்டும் விழவில்லை

காகித இலக்கில் சுட்டால் ஓட்டை எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்ள நடந்து போய்ப் பார்க்க வேண்டும். எஃகில் சுட்டால் அதுவே சொல்லிவிடும். 100 மீட்டரில் .22 ரைஃபிள் (சின்னக் குண்டு போடும் ரைஃபிள்): குண்டு போய்ச் சேர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு, சத்தம் திரும்பி வர ஏறக்குறைய இன்னும் அவ்வளவு. நடுவே ஒரு சின்ன மௌனம், அப்புறம் ‘டிங்’. அதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கிய எஃகு இலக்குகளை இரண்டரை வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் லேத்தில் நின்றவன், எஃகைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும் என்று நினைத்து, மிச்சம் கிடந்த மைல்ட் ஸ்டீல் (சாதாரண மென் எஃகு) தகட்டில் ஒரு வட்டம் வெட்டித் தொங்கவிட்டேன். 9 மி.மீ. பிஸ்டலுக்கு நான்கைந்து வாரம் தாங்கியது. பிறகு அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகிவிட்டது. ஒருநாள் குண்டின் செம்பு உறைத் துணுக்கு ஒன்று திரும்பி வந்து என் முழங்கைக்குக் கீழே கீறியது. சுவரில் தண்ணீரை வீசினால் சுவரை ஒட்டித் தெறிக்கும். கிண்ணத்துக்குள் வீசினால் முகத்துக்கே வரும். குழி விழுந்த தகடு அந்தக் கிண்ணம்தான். தடிமனைப் பார்த்தேனே ஒழிய, கடினத்தை யோசிக்கவே இல்லை.

இந்த முறை ஏஆர்500 என்ற கடின எஃகு. கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் 500-ஐ ஒட்டி வரும். மைல்ட் ஸ்டீல் அதில் கால்பங்கு இருந்தால் அதிகம். ஆர்டர் இதுதான்: பிஸ்டலுக்கு 200 மி.மீ. வட்டத் தகடு நான்கு, 10 மி.மீ. தடிமனில். அப்புறம் .22-க்கு சிலூவெட் உருவங்கள், அதாவது விலங்கு, பறவை வடிவில் வெட்டிய தகடுகள், ஒரு முழு செட். கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா, ஒவ்வொன்றிலும் ஐந்து. இது மெக்ஸிகோவிலிருந்து வந்த விளையாட்டு. பெரிய ரைஃபிளுக்கு 200, 300, 385, 500 மீட்டரில் நிற்கும் உருவங்களை .22-க்காக ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி 40, 60, 77, 100 மீட்டரில் நிறுத்துவார்கள். பட்டால் போதாது, விழ வேண்டும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடா விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டறைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, எதனால் வெட்டுவீர்கள் என்பது. “பிளாஸ்மா போதுமே சார், சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றார். அது கடும் சூட்டால் உலோகத்தை உருக்கி வெட்டும் முறை. இந்த எஃகைச் சூடாக்கித் திடீரெனக் குளிரவைத்துத்தான் கடினப்படுத்துகிறார்கள். வெட்டும்போது மறுபடி சூடு ஏறினால் விளிம்பை ஒட்டிய பட்டை இளகிப்போகும். பெரிய தகட்டில் அது ஓரத்தோடு நிற்கும். கோழியின் காலும் வான்கோழியின் கழுத்தும் விரல் அகலம்கூட இல்லை. அங்கே ஓரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கொஞ்சம் வாதாடி, உருவங்களை மட்டும் வாட்டர்ஜெட்டில், அதாவது சூடேற்றாத அதிவேகத் தண்ணீர்ப் பீச்சில், வெட்ட வைத்தேன். வட்டங்கள் பிளாஸ்மாவில். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. வட்டங்களின் நடு மழமழவென்று இருக்க, விளிம்பை ஒட்டி மட்டும் சின்னச் சின்னப் பள்ளங்கள். வான்கோழியின் கழுத்து வந்த நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது.

வட்டத் தகடுகளின் மாட்டும் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. முகத்தில் எங்கும் வெல்டிங் கிடையாது. அங்கே வெல்டிங் வைத்தால் அந்த இடம் இளகிவிடும். சதுர ஓட்டை, அதில் உருண்டைத் தலை போல்ட், பின்னால் ஒரு ஸ்பிரிங், நட். தகடு சுமார் இருபது டிகிரி முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. சிதறும் ஈயம் தரைக்குப் போகிறது. ஆனால் ஸ்டாண்டில் தொங்கவிடச் சங்கிலி கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வாரமே ஒரு கண்ணி பறந்தது. பழைய கன்வேயர் பெல்ட்டைக் கீறிக் கட்டினேன். ரப்பரில் குண்டு பட்டாலும் ஓட்டை விழும், அறுந்து போகாது. இதைக் கட்டித்தந்திருக்க வேண்டியது அவர்கள்.

சரி, கடா. உருவங்கள் தண்டவாளம் போன்ற ஒரு பட்டையின் மேல் சும்மா நிற்கும், காலுக்கு அடியில் ஒரு குறுக்குப் பட்டை. அதன் அகலத்தை நான் வரைபடத்தில் எழுதவில்லை. பட்டறையில் அவர்களாகவே 60 மி.மீ. வைத்துவிட்டார்கள், காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணம். கோழியும் பன்றியும் சின்னது என்பதால் எப்படிப் பட்டாலும் விழுந்தன. கடா கனம். முதுகில் பட்டால் விழும். வயிற்றுக்குக் கீழே பட்டால் ‘டிங்’ என்று சொல்லிவிட்டு அப்படியே நின்று என்னைப் பார்க்கும். விதிப்படி அது தவறிய குண்டுக்குச் சமம். இரண்டு மாதம் என் குறியைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு ஐந்து கடாக்களின் பட்டையையும் நானே கிரைண்டரில் தேய்த்து 40 மி.மீ. ஆக்கினேன், கொஞ்சம் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதுமாக. இப்போது விழுகின்றன.

இன்னொரு சின்னக் குறை: வெட்டிய விளிம்பைப் பிசிறு எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். பிரித்த அன்றே விரலில் ரத்தம்.

கெட்டுப்போன தகடு ஒன்றே ஒன்று. அதுவும் பட்டறையின் தப்பில்லை. பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் .308 கனமான குண்டு, அதனால் அதுதான் தகட்டைக் கெடுக்கும் என்று நினைப்போம். 100 மீட்டரில் அது பெயிண்டைச் சிதறடித்ததோடு சரி. நண்பர் ஒருவர் அதைவிடச் சின்னதும் வேகமானதுமான .223-ஐ 50 மீட்டரில் வைத்துச் சுட்டார், மூன்று குழி. நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் வரும் குண்டு சின்னதானாலும் இந்த எஃகைத் தோண்டிவிடும், வேகம்தான் எமன். குழி விழுந்த அந்தத் தகட்டைக் கிட்டத்தில் நின்று சுட நான் யாரையும் விடுவதில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்குச் சில விஷயம். பிஸ்டலுக்குக் குறைந்தது 10 மீட்டர், பெரிய ரைஃபிளுக்கு 100 மீட்டர். தோட்டாவின் முனையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது இந்தத் தகட்டுக்கு வேண்டாம். ஏர்கன் என்றால் ஈயப் பெல்லட் மட்டும். எஃகு உருண்டை அப்படியே திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, சுடுபவருக்கு மட்டுமில்லை, பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும். முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள், ஈயத்தூள். தகடு நாளடைவில் லேசாக வளையும். திருப்பி மாட்டினால் போதும். துருவுக்குக் கவலை வேண்டாம், வெள்ளை ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் பட்ட இடம் சாம்பல் நிறத்தில் தெரியும்.

சொன்ன தேதிக்கு மூன்று வாரம் பிந்தித்தான் தந்தார்கள். இருந்தும் அதே பட்டறையில் அடுத்த ஆர்டரைக் கொடுத்திருக்கிறேன்: வட்டம் இன்னும் நான்கு, எல்லாம் வாட்டர்ஜெட்டில், பெல்ட் துண்டோடு. கூடவே உபரியாக இரண்டு கடா. கால் பட்டை 40 மி.மீ. என்று வரைபடத்தில் சிவப்பு மையில் இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்தேன்.